சுடலைவடிவுக்குப் பேறுகாலம்

மூன்றாவது வாரமாகச் சுடலை எலியைத் தொடவில்லை என்றதும் தங்கபுஷ்பம் அடுப்படிக்குப் போய் விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். அதன் உடம்பின் பின்பாதி புடைத்திருந்தது. கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து நுனி சிவந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த வைத்தியத்தில் இதற்கெல்லாம் ஒரே பெயர்தான், மலச்சிக்கல்.

சுடலை ஒரு சாரைப்பாம்பு. ஆளுயரத்துக்கும் கூடுதலான நீளம், காய்ந்த பனையோலையின் நிறம். முன்னறையில் டிவி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் குடியிருந்தது. கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் இது யாரும் நின்று பார்க்கும் அதிசயமில்லை. எதிர்வீட்டு வாத்தியார் தன் கைநடுக்கத்துக்கான மருந்தை வெள்ளாட்டுப் பாலில் குடித்துக்கொண்டிருந்தார். முக்குக் கடைக்காரரின் மகள் தினம் ஒரு கோழிமுட்டையில் தன் மருந்தைச் சாப்பிட்டாள். தங்கபுஷ்பத்தின் புருஷன் சங்கரபாண்டிக்கு வாய்த்தது பாம்பு.

அவருக்குப் பிறவியிலேயே இரத்தம் உறையாது. இரத்தம் உறைவது என்பது கட்டட வேலையில் செங்கல் கைமாற்றுவது மாதிரி. வரிசையில் நிற்கும் ஆட்களில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் செங்கல் அந்த இடத்திலேயே நின்றுபோகும், சுவர் எழும்பாது. சங்கரபாண்டியின் உடம்பில் அந்த ஒருவர் பிறந்ததிலிருந்தே வரவில்லை. ஆலையில் செய்த மாற்று ஆளை ஊசியில் அனுப்பிப் பார்த்தார்கள். உடம்பு அவனை அந்நியன் என்று அடித்து விரட்டிவிட்டது. கடைசியில் கம்பெனி ஒன்று அவர் உடம்புக்கு மட்டுமே ஒத்துப்போகிற ஒரு மருந்தை வரைந்தெடுத்தது. ஆனால் உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குப் பயன்படும் மருந்து, வெளியே எடுத்தால் ஒரு பகல்கூடத் தாங்காத மருந்து. அதற்காக ஆலை கட்ட முடியாது. பாம்பு கட்டலாம்.

பாம்பின் வாய்ச் சுரப்பிக்கு இரத்தத்தோடு பேசும் பாஷை ஏற்கெனவே தெரியும். விரியன் அந்தப் பாஷையில் வைகிறது, அவ்வளவுதான். சாதுவான சாரையின் சுரப்பியில் நல்ல வார்த்தை ஒன்றை எழுதிவைத்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருக்கும். வாரம் இருமுறை தங்கபுஷ்பம் பெட்டியில் பெருவிரலை வைப்பாள், கதவு திறக்கும். ரப்பர் தோல் கட்டிய சிறு கிண்ணத்தை நீட்டுவாள். சுடலை வந்து கவ்வும். சொட்டுச் சொட்டாக இறங்குவதை வடிகட்டிப் புருஷனின் நரம்பில் ஏற்றுவாள். பாம்பைக் கறப்பது என்று தெருவில் இதற்குப் பெயர்.

பாம்பு வந்த பிறகுதான் சங்கரபாண்டி கத்தி பிடித்தார். அவர்களுக்குக் கடலைமிட்டாய்த் தொழில். பாகும் கடலையுமாகப் பலகையில் கொட்டிப் பரப்பியதைச் சூடு ஆறுவதற்குள் கீற்றுக் கீற்றாக வெட்ட வேண்டும். அதுவரை தங்கபுஷ்பம்தான் வெட்டினாள். இப்போது அவர் வெட்டினார், பாட்டுப் பாடிக்கொண்டே. சமீபத்தில் கழுகுமலை உச்சிவரை ஏறி இறங்கினார். அவர் வயதுக்கு அது முதல் தடவை. மேலேயிருந்து போன் செய்து, "ஏ புஷ்பம், இங்கேருந்து பாத்தா நம்ம ஊரு ஒரு தட்டு மிட்டாய் மாதிரி இருக்கு" என்று கத்தினார்.

விளக்கெண்ணெய் உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. அதற்குமேல் தங்கபுஷ்பத்துக்குத் துணிச்சல் வரவில்லை. டாக்டர் ஹெப்சிபாவைக் கூப்பிட்டாள்.

ஹெப்சிபா ஆட்டுக்கும் நாய்க்கும் பார்க்கிற டாக்டர். மருந்துப் பிராணிகள் பெருகியபின் பாம்பும் பார்க்கப் பழகியவள். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்து, பாம்பின் வாயோரத்தில் மினுமினுத்த எண்ணெயைத் தொட்டு முகர்ந்தாள்.

"என்னக்கா குடுத்தீய?"

"விளக்கெண்ணெய். ஒரு சங்குதான்."

"பாம்புக்கா?"

"வயிறு கட்டியிருக்கேன்னு..."

ஹெப்சிபா சிரிப்பை அடக்கிக்கொண்டு, தட்டையான கருவி ஒன்றைப் பெட்டியின் அடியில் செருகினாள். சிறு திரையில் பாம்பின் உள்வடிவம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. முள்ளெலும்பு, விலா, அதற்கு நடுவில் பையில் அடுக்கிய பேரீச்சம்பழம் மாதிரி நீளநீளமாக வரிசையாய்ச் சில உருவங்கள்.

"அண்ணாச்சி, உங்க வீட்ல பேறுகாலம்" என்றாள்.

சங்கரபாண்டி கையில் மிட்டாய்த்தூளோடு எட்டிப் பார்த்தார். "யாருக்கு? சுடலைக்கா? என்ன டாக்டரம்மா, அது சாரை. சாரைன்னா ஆம்பள. நல்லபாம்புதான் பொம்பள. ஊருக்கே தெரியும்."

"ஊருக்குத் தெரியும், பாம்புக்குத் தெரியல. ரெண்டும் வேற வேற இனம் அண்ணாச்சி. சாரையில ஆணும் உண்டு, பொண்ணும் உண்டு."

"காட்டுல ரெண்டும் பின்னிக்கிட்டு நிக்கத நானே பாத்திருக்கேன்."

"அது ரெண்டும் ஆம்பளச் சாரை. மல்லுக்கட்டுது. நீங்க கல்யாணம்னு நெனச்சுக் கும்பிட்டுட்டு வந்திருப்பீய."

"ஆமா, துண்டுகூட விரிச்சுப் போட்டேன்" என்றார் சங்கரபாண்டி வருத்தத்தோடு. "சரி, பெட்டியில தனியாத்தான கெடக்கு. எப்படி?"

"சேவல் இல்லாம கோழி முட்டை போடலையா? குஞ்சு வராது. முட்டை வரும்."

அவர் பெட்டி முன் குந்தி உட்கார்ந்து பாம்பைப் புதிதாகப் பார்த்தார். "இத்தன நாளு சுடலை, சுடலைன்னு கூப்பிட்டு... கோவிச்சுக்கிடாத தாயி. இன்னையிலேருந்து நீ சுடலைவடிவு."

ஹெப்சிபா சிரிக்கவில்லை. திரையில் வரிசையின் வால்பக்கக் கடைசியில் இருந்த முட்டையை விரலால் தொட்டுக் காட்டினாள். மற்றவற்றைவிட அது பெரிதாகவும், ஓரம் மங்கலாகவும் இருந்தது.

"பாம்போட முட்டைக்குழாய் ஒரு நீளமான சந்து மாதிரி. முன்னால நிக்கிற லாரி நகரலேன்னா பின்னால அத்தனையும் நிக்கும். இந்த முட்டை எப்பவோ வெளிய வந்திருக்கணும். உள்ளயே கெடந்து குழாயோட ஒட்ட ஆரம்பிச்சிருக்கு. இன்னும் வச்சிருந்தா அழுகும். அப்புறம் பாம்பு தாங்காது."

சங்கரபாண்டி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நீட்டப் போனார். "லேசா அமுக்கித் தள்ளிவிட்டா..."

"அமுக்கப்படாது!" ஹெப்சிபா அவர் கையைத் தட்டிவிட்டாள். "எல்லாரும் செய்ற தப்பு அதுதான். வெளியேருந்து அமுக்கினா குழாய் கிழிஞ்சுரும். அது தானாத் தள்ளணும். தள்ளுறதுக்குத் தெம்பும் சூடும் தண்ணியும் வேணும். எல்லாத்துக்கும் மேல இடம் வேணும்."

"இடமா? இவ்வளவு பெரிய பெட்டி இருக்கே" என்றாள் தங்கபுஷ்பம்.

"நீங்களே சொல்லுங்க, நடு ரோட்டுல பிள்ள பெப்பீயளா? இருட்டா, ஈரமா, யாரும் பாக்காத ஒரு பொந்து. அது கெடைக்கிற வரைக்கும் முட்டைய உள்ளயே பிடிச்சு வச்சுக்கிடும். இந்த மூக்கப் பாருங்க. அது கண்ணாடியத் தேய்க்கலக்கா. தோண்டுது."

தங்கபுஷ்பம் பெட்டியைப் பார்த்தாள். வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், எப்போதும் அணையாத வெள்ளை விளக்கு. தினமும் அவளே பளபளவென்று துடைத்துவைப்பது. கதவில் ஒட்டியிருந்த அட்டையில் கம்பெனி எழுதியிருந்தது: மண், துணி, காகிதம், மூடியோ மறைப்போ, எதையும் உள்ளே வைக்கக் கூடாது. மருந்தின் தூய்மைக்காக.

ஹெப்சிபா அந்த அட்டையை இரண்டு முறை படித்தாள். பிறகு, "அண்ணாச்சி, மருந்து எப்பவும் ஒரே அளவாத்தான் வருதா?" என்று கேட்டாள்.

"இல்லியே. இப்ப கொஞ்ச நாளா நல்லா வருது. அதனாலதான மலையே ஏறினேன். வெட்டுக் காயம்கூட உடனே ஆறிப்போவுது."

"எப்பேருந்து?"

அவர் சொன்னார். ஹெப்சிபா முட்டைகளின் அளவை மறுபடி பார்த்தாள், மனதுக்குள் பின்னோக்கி எண்ணினாள். அவள் முகம் மாறியது.

"முட்டை கட்டுற காலத்துல பொட்டைப் பாம்போட உடம்புல ஒரு மணி அடிக்கும். அந்த மணியக் கேட்டுத்தான் ஈரல் மஞ்சக்கருவுக்கு வேண்டியதச் செய்யும். உங்க மருந்துச் சுரப்பியும் அதே மணியத்தான் கேக்குது. ஒரே மணிக்கு ரெண்டு பள்ளிக்கூடம் தொறக்குது. அப்படித்தான் செஞ்சிருக்காவ போல. முட்டை உள்ள இருக்கிற வரைக்கும் மணி நிக்காது."

"போட்டுருச்சுன்னா?"

"நின்னுரும். மருந்தும் நின்னுரும்."

ஹெப்சிபா கதவிலிருந்த அட்டையை மறுபடி பார்த்தாள்.

"மருந்து சுத்தமா இருக்கணும்னா மண்ணு வேண்டாம், சரி" என்றாள் ஹெப்சிபா, தனக்கே சொல்வது போல. "ஒரு பிளாஸ்டிக் மூடியக் கவுத்து வச்சா என்ன அசுத்தம்? ஒரு இருட்டு மூலைகூட இருக்கக் கூடாதுன்னு எதுக்குச் சட்டம்? இது சுத்தத்துக்காகச் செஞ்ச பெட்டி இல்லக்கா. போடவிடாம இருக்கிறதுக்குச் செஞ்ச பெட்டி. நான் பாத்த மருந்துப் பாம்பெல்லாம் கிட்டத்தட்ட இதே வயசுலதான் செத்திருக்கு. மூப்புன்னு சொல்லி கம்பெனியே உடம்ப எடுத்துட்டுப் போயிரும். ஒண்ணையும் அறுத்துப் பாக்க எனக்குக் குடுத்ததில்ல."

தங்கபுஷ்பம் அதற்குமேல் கேட்கப் பிடிக்காமல் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

கம்பெனிப் பெண்ணின் குரல் தேன் மாதிரி இருந்தது. "கவலைப்படாதீங்க மேடம். உங்க யூனிட் ஆயுள் முடியிற கட்டத்துல இருக்கு. மாற்று யூனிட் ரெடி, சாருக்காகவே வளர்த்தது. வெள்ளிக்கிழமை எங்க ஆள் கொண்டுவந்து வச்சிடுவார். அதுவரைக்கும் நீங்க தினமும் எடுத்துக்கலாம். இந்தக் கட்டத்துல நல்லாவே கிடைக்கும்."

"உள்ள முட்டை இருக்குங்க."

ஒரு நொடி தேன் நின்றது. "அதைப் பத்தி எங்ககிட்ட தகவல் இல்லைங்க மேடம்."

"பெட்டிய விட்டு வெளிய எடுத்தா?"

"கதவு அதிக நேரம் திறந்திருந்தா ஒப்பந்தம் தானா ரத்தாகிடும் மேடம். மாற்று யூனிட்டும் கிடைக்காது."

முன்னறைக்குத் திரும்பிய தங்கபுஷ்பத்தின் முகத்தில் நிம்மதி இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "வெள்ளிக்கிழமை புதுசு வருதாம். நமக்கு ஒரு நாளும் மருந்துக்கு முடையில்ல."

"இது?" என்றார் சங்கரபாண்டி.

அவள் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள்.

"டாக்டரம்மா, மண்ணக் குடுத்து முட்டையப் போடவிட்டா அப்புறம் எனக்கு மருந்தே கெடையாதா?"

"பாம்பு தெம்பாகி, நல்லா எலி தின்னு, மறுபடி முட்டை கட்டினா மணி மறுபடி அடிக்கும். போடுற வரைக்கும் மருந்து, போட்டபிறகு ஓய்வு. வருசத்துல பாதி இருக்கும், பாதி இருக்காது. அதுவும் என் கணிப்புதான் அண்ணாச்சி. சத்தியம் பண்ணமாட்டேன்."

"தொறந்துவிடு புஷ்பம்."

"வாய மூடுங்க" என்றாள் தங்கபுஷ்பம்.

ஹெப்சிபா எழுந்தாள். "வாத்தியார் வீட்டு ஆட்டைப் பாக்கணும். எதிர்லதான் இருப்பேன்." பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் சங்கரபாண்டி முறுக்கைக் கடிக்கும்போது நாக்கைக் கடித்துக்கொண்டார். ஒரு முறுக்கு. அந்த இரத்தம் நிற்பதற்குள் தங்கபுஷ்பம் இரண்டு ஆஸ்பத்திரியும் நான்கு சாமியும் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் முறுக்கு சுட்டதில்லை. இதையெல்லாம் அவள் இப்போது சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"எனக்கு முழங்கால்ல ரத்தம் கட்டும்போது நீதான் பக்கத்துல இருந்திருக்க" என்றார் அவர். "வெளிய வர வழியில்லாம உள்ளயே நின்னு தெறிக்கும். கால வெட்டிப் போட்டுருன்னு உன்கிட்டயே கெஞ்சியிருக்கேன். அந்த வலியோட ஒண்ணு இங்க உக்காந்திருக்கு. அதுகிட்ட வாங்கித்தான் நான் மலையேறியிருக்கேன்."

"அது பாம்பு. நீங்க என் புருசன்."

"நான் இல்லேங்கலியே."

"அப்ப பேசாம இருங்க. இன்னைக்கு எடுக்கிற நாளு. கைய நீட்டி உக்காருங்க."

அவள் பெருவிரலை வைத்தாள். கதவு திறந்தது. கிண்ணத்தை நீட்டினாள்.

வழக்கமாக ஒரே வீச்சில் வந்துவிடும் பாம்பு, அன்று தலையை மட்டும் முன்னால் கொண்டுவந்தது. பின்னுடம்பு கூட வரவில்லை. அதைச் சுமை மாதிரி இழுத்துக்கொண்டு, நின்று, மறுபடி இழுத்து வந்தது. கிண்ணத்தை அடைவதற்குள் அதன் முதுகில் ஓர் அலை எழுந்தது. கழுத்துக்குக் கீழே தொடங்கிப் பின்னோக்கி ஓடி, புடைத்த இடத்தில் முட்டி நின்றது. தங்கபுஷ்பத்துக்கு அந்த அலையைத் தெரியும். அவளும் ஒரு பிள்ளை பெற்று, வெளிநாட்டு வேலைக்கு அனுப்பியவள்தான். அலை நடந்துகொண்டிருக்கும்போதே பாம்பு வாயைத் திறந்து, பழக்கிய பழக்கம் மாறாமல், ரப்பரைக் கவ்வியது.

கிண்ணம் நிரம்பியது. ஒருநாளும் அவ்வளவு வந்ததில்லை.

"சனியனே" என்றாள் அவள். "இந்த நெலமையிலயும் குடுக்கியே. கடிச்சுத் தொலைக்கக் கூடாதா?"

மருந்தை வடிகட்டி, புருஷனின் நரம்பில் ஏற்றினாள். பெட்டி, கதவை மூடச் சொல்லிக் கூவத் தொடங்கியது. அவள் ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்தி, அவர் கையை மடக்கிவிட்டாள். பெட்டி இன்னும் உரக்கக் கூவியது. அவள் திரும்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் பாம்பை ஏந்தி வெளியே எடுத்தாள்.

"மரம் மாதிரி உக்காந்திருக்காதீங்க. வாசல்ல போயி டாக்டரம்மாவக் கூப்பிடுங்க. அப்படியே பெரிய பாகு அண்டாவ உருட்டிட்டு வாங்க."

வாத்தியார் வீட்டிலிருந்து ஹெப்சிபா ஓடிவந்தாள். முதலில் அகலமான தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, தலை மேலே நிற்க, பாம்பை ஊறவைத்தார்கள். உலர்ந்த பெட்டியில் கிடந்த உடம்பு தண்ணீரைத் தோலாலேயே குடிப்பது மாதிரி தளர்ந்தது. சுண்ணாம்புச் சத்து ஊசி ஒன்று போட்டாள் ஹெப்சிபா. "தசை சுருங்குறதுக்கு இதுதான் விறகு. முட்டையோட தோலுக்கும் மருந்துக்கும் பங்கு போட்டுக் குடுத்தே இது தீந்துபோயிருக்கும்." அண்டாவில் கரிசல் மண்ணையும் கடலைத்தொலியையும் தண்ணீர் தெளித்துப் பிசறி நிரப்பினார்கள். மேலே சாக்கைப் போட்டு மூடி, சின்னதாக ஒரு வழி விட்டார்கள்.

பாம்பு அந்த வழியின் ஓரத்தில் நாக்கை நீட்டி நீட்டி வெகுநேரம் முகர்ந்தது. பிறந்ததிலிருந்து மண்ணையே பார்த்திராத பிராணி. பிறகு தலையை நுழைத்தது. சாக்கு அசைந்தது. உள்ளே சுற்றிச் சுற்றித் தோண்டும் சத்தம் கேட்டது. சங்கரபாண்டி அண்டாவில் காதை வைத்துக்கொண்டு, "இப்ப இடது பக்கம் போறா... இப்ப திரும்புறா..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் சாயும்வரை எதுவும் வரவில்லை. அலைகள் எழுந்து எழுந்து அதே இடத்தில் முட்டி நின்றன.

"அந்த ஒட்டின முட்டை விடமாட்டேங்குது" என்ற ஹெப்சிபா கையுறை மாட்டினாள். "அக்கா, நீங்க பிடிங்க. உங்க கைய அதுக்குத் தெரியும். தாங்கிப் பிடிச்சா போதும், அழுத்தம் வேண்டாம்."

வாலுக்கு முன்னால், வாசலில், முட்டையின் வெள்ளைத் தோல் ஒரு பொட்டளவு தெரிந்தது. ஹெப்சிபா அதைச் சுற்றி வழவழப்பான தைலத்தை விட்டாள். பெரிய ஊசி ஒன்றை அந்தப் பொட்டில் மெதுவாகச் செருகி இழுத்தாள். கெட்டியான மஞ்சள் நீர் ஊசிக்குழாயில் ஏறியது.

"உடைச்சு எடுக்கலாம்ல?" என்று கிசுகிசுத்தார் சங்கரபாண்டி.

"உடைச்சா உள்ள கீறும். உள்ள இருக்கிறத மட்டும் உறிஞ்சிட்டா முட்டை தானா சுருங்கும். சுருங்கினா சந்து விட்டுக்குடுக்கும்."

காற்றுப்போன பலூன் மாதிரி அந்த இடம் தளர்ந்தது. தங்கபுஷ்பத்தின் கைகளுக்குள் அடுத்த அலை எழுந்தது. இந்தமுறை அது நிற்கவில்லை. சுருங்கிய தோல் வழுக்கி வெளியே வந்து விழுந்தது. அவர்கள் பாம்பை மண்ணுக்குள் விட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக முட்டைகள் வந்து, பாகில் விழுந்த கடலை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பெட்டி கூவுவதை எப்போது நிறுத்தியது என்று யாரும் கவனிக்கவில்லை. போனில் கம்பெனியின் செய்தி வந்திருந்தது. ஒப்பந்தம் ரத்து.

மருந்தின் தெம்பு வியாழக்கிழமை தீர்ந்தது. சங்கரபாண்டி எங்கும் விழவில்லை, எதிலும் இடிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தார், அவ்வளவுதான். முழங்கால் பானை மாதிரி வீங்கியது. ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"பாதி வருசம் மனுசன், பாதி வருசம் கண்ணாடிச் சாமான்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "நெத்தியில 'உடையும், கவனம்'னு ஒரு சீட்டு ஒட்டிவிடு."

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. அண்டாப் பக்கம் போகவும் இல்லை. அன்று முழுக்க மிட்டாயை அவளே வெட்டினாள். தான் செய்தது சரி என்று அவளுக்கு அன்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வேன் வந்தது. இறங்கியவர் பெயர் பால்துரை. முதல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவரும் அவர்தான். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை. வெறும் பெட்டியைப் பார்த்தார், போட்டோ எடுத்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"புதுசக் குடுத்துட்டுப் போங்க தம்பி" என்றாள் தங்கபுஷ்பம். கெஞ்சக்கூடாது என்று நினைத்திருந்தாள். குரல் கெஞ்சியது. "அவருக்குன்னு செஞ்சதுதான? வேற யாருக்கு ஆகும்?"

"யாருக்கும் ஆகாதுக்கா. ஆனா வண்டியில ஏத்தினபிறகுதான் ரத்துன்னு சொன்னாவ, இனி நான் குடுக்க முடியாது. திருப்பிக் கொண்டுபோனா அங்க அத..." பால்துரை வாக்கியத்தை முடிக்கவில்லை. "பழசோட உடம்பு எங்க? எடுத்துட்டுப் போகணும்."

அவள் அண்டாவைக் காட்டினாள். அவர் சாக்கைத் தூக்கினார். முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, மெலிந்து, மண் அப்பிய தலையைத் தூக்கிப் பாம்பு சீறியது. பால்துரை இரண்டு எட்டு பின்வாங்கினார்.

"இது சாகலையா?"

"ஏன் சாகணும்?"

"பாம்ப மாத்தப் போற வீட்ல எல்லாம் குத்துயிராத்தான் கெடக்கும். மூப்புன்னுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்காவ." அவர் சாக்கை இறக்காமலே நின்றார். "எங்க வீட்லயும் ஒண்ணு இருக்குக்கா. என் மகளுக்கு ரத்தத்துல வேற கோளாறு. இது மூணாவது பாம்பு. ரெண்டு வாரமாத் தீனி எடுக்கல. கண்ணாடியில முட்டிக்கிட்டே கெடக்கு. புள்ள அதுக்கு வைதேகின்னு பேரு வச்சிருக்கா. ஏம்ப்பா இது தூங்கமாட்டேங்குதுன்னு கேக்கா."

தங்கபுஷ்பம் அவரை உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். பிறகு ஹெப்சிபா தனக்குச் சொன்னதையெல்லாம் சொன்னாள். மணியை, பள்ளிக்கூடத்தை, சந்தில் நின்ற லாரியை, வெள்ளைப் பெட்டியில் ஏன் ஒரு மூலைகூட இல்லை என்பதை. அவர் மகளின் மருந்து நின்றுபோகும் என்பதையும் மறைக்கவில்லை. கட்டிலில் கிடந்த தன் புருஷனின் காலைக் காட்டியே அதைச் சொன்னாள்.

பால்துரை வெகுநேரம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வேனுக்குப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது கையில் வாய் கட்டிய துணிப்பை ஒன்று இருந்தது. உள்ளே எதுவோ நெளிந்தது. அதன்மேல் ரப்பர் தோல் கட்டிய புதுக் கிண்ணமும் வடிகட்டியும்.

"வழியிலயே செத்துருச்சுன்னு போட்டுக்கிடுதேன்" என்றார். "பாம்பு செத்துச்சுன்னா எங்க கம்பெனியில ஏன்னு யாரும் கேக்கமாட்டாவ. இதுக்கு இப்பத்தான் முட்டை கட்ட ஆரம்பிச்சிருக்கும். அண்ணாச்சிக்கு இன்னைக்கே எடுங்க. நேரம் வரும்போது மண்ணக் குடுத்துருங்க."

"அதுக்குள்ள பழையவ தேறியிருவா" என்றார் சங்கரபாண்டி, தலையைத் தூக்கி. "ஒருத்தி வேலை, ஒருத்தி லீவு. மில்லு ஷிப்டு மாதிரி."

பால்துரை சிரிக்க முயன்றார். அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பாம்புதான். தங்கபுஷ்பம் பையை வாங்கிக்கொண்டாள்.

"மண்ணு எவ்வளவு ஈரமா இருக்கணும்?" என்று கேட்டார் அவர்.

"கையில அள்ளி இறுக்கிப் பிடிங்க. உருண்டையா நிக்கணும். தண்ணி கசியப்படாது. உதிர்ந்தாலும் காணாது."

அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த குவியலில் ஒரு கை அள்ளினார். இறுக்கிப் பிடித்தார். மெதுவாக விரல்களை விரித்தார். விரல் தடம் பதிந்து, கறுப்பாக, ஓர் உருண்டை உள்ளங்கையில் நின்றது. அவர் அதைத் திரும்பக் குவியலில் போடவில்லை. ஒரு கையில் அதை உடையாமல் ஏந்திக்கொண்டு, மறு கையால் வேனின் கதவைத் திறந்தார்.